ஹௌமியாவின் சொந்தக்காரர்கள்: கைப்பர் பட்டையில் உறவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: நெப்டியூனுக்கு அப்பால் உள்ள கைப்பர் பட்டையில், ஒன்றுக்கொன்று பல நூறு கோடி கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் பனி உருண்டைகளை ‘ஒரே தாயிலிருந்து உடைந்தவை’ என்கிறார்களே, பக்கத்தில் ஒரு விண்கலம்கூடப் போகாமல் அதை எப்படிச் சொல்ல முடிகிறது? வெறும் ஊகமா?

ஊகம் இல்லை. ஆனால் நினைப்பதைவிடக் கஷ்டமான வேலை. நெப்டியூனுக்கு அப்பால் இதுவரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் ‘மோதலில் பிறந்த குடும்பம்’ என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று, ஹௌமியா என்ற குறுங்கோளும் அதன் துண்டுகளும் சேர்ந்த ஹௌமியா குடும்பம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அங்கே அத்தனை கிடைத்தும் இங்கே ஒன்றுதான் ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

சிறுகோள் பட்டையில் இதைத் தொடங்கி வைத்தவர் ஜப்பானிய வானியலாளர் கியோட்சுகு ஹிராயாமா. 1918-ல் அவர் செய்தது இது: சிறுகோள்கள் இன்றைக்கு வானில் எங்கே நிற்கின்றன என்பதை விட்டுவிட்டு, அவற்றின் பாதைகளை ஒப்பிட்டார். உடைந்த துண்டுகள் ஒரே இடத்தில் தங்காது. ஒன்று கொஞ்சம் வேகமாகச் சுற்றும், இன்னொன்று மெதுவாகச் சுற்றும், சில ஆயிரம் ஆண்டுகளில் சூரியனைச் சுற்றி முழுவட்டமாகப் பரவிவிடும். ஆனால் பாதையின் அளவு, அது எவ்வளவு நீள்வட்டம், எவ்வளவு சாய்வு என்ற மூன்றும் எளிதில் மாறாது. இந்த மூன்றையும் வரைபடத்தில் போட்டால் உறவுக்காரத் துண்டுகள் கொத்தாக வந்து விழும்.

இங்கே ஒரு சிக்கல். இன்றைக்கு அளக்கும் சாய்வும் நீள்வட்டத் தன்மையும் நிலையானவை அல்ல. பெரிய கோள்களின் ஈர்ப்பால் அவை மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சும் அடிப்படை மதிப்புகளைத்தான் ஒப்பிட வேண்டும். கைப்பர் பட்டைப் பொருளுக்கு இதைக் கணக்கிட, அதன் பாதையைக் கணினியில் பல லட்சம், தேவைப்பட்டால் பல கோடி ஆண்டுகளுக்கு ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். அதற்கு முதலில் இன்றைய பாதை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆகிறது. முதல் கைப்பர் பட்டைப் பொருள் (புளூட்டோவையும் அதன் நிலவையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்) கிடைத்ததே 1992-ல்தான். ஆகவே நாம் பார்த்திருப்பது பெரும்பாலான பொருட்களின் பாதையில் ஒரு சின்னஞ்சிறு பகுதி மட்டுமே. பழைய ஒளிப்படத் தகடுகளில் தெரியாமல் பதிந்திருந்தால் அதிர்ஷ்டம். ஹௌமியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. 1955-ல் அமெரிக்காவின் பலோமர் ஆய்வகத்தில் எடுத்த தகட்டிலேயே அது இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

சரி, பாதைகள் துல்லியமாகத் தெரிந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கைப்பர் பட்டையில் கொத்து எளிதில் தெரியாது. காரணம் வேகம். சிறுகோள் பட்டையில் ஒரு பொருள் சூரியனை நொடிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஹௌமியா இருக்கும் தூரத்தில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் சராசரியாக 43 மடங்கு) அந்த வேகம் வெறும் 4.5 கிலோமீட்டர். ஒரு மோதலில் துண்டுகள் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் சிதறுகின்றன என்று கொள்வோம். சிறுகோள் பட்டையில் இது சுற்றுவேகத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கைப்பர் பட்டையிலோ மூன்று சதவீதத்துக்கு மேல். பாதை அளவில் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. அதாவது முன்னோக்கித் தள்ளப்பட்ட துண்டின் பாதை 43-லிருந்து கிட்டத்தட்ட 46-க்குப் போய்விடும். பக்கவாட்டில் தள்ளப்பட்டால் சாய்வு 2 டிகிரி வரை மாறும். பட்டையின் முக்கியப் பகுதியே சுமார் 40-லிருந்து 48 வரைதான். ஆக ஒரு குடும்பம் பட்டையில் பாதியை அடைத்துக்கொண்டு பரவி நிற்கும். சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான பொருட்கள் அதன் நடுவே கலந்து கிடக்கும். ஹிராயாமாவின் முறையை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே குடும்பம் தேடுவது வீண் வேலை.

ஒரே தெருவில் குடியிருப்பதால் மட்டும் இருவர் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவதில்லை, முகச்சாடையும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? அந்த முகச்சாடையைக் கொடுத்தது ஹௌமியாதான்.

ஹௌமியா 2005 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. ஸ்பெயினில் ஒர்டிஸ் தலைமையிலான குழு முதலில் அறிவித்தது. அமெரிக்காவில் மைக் பிரவுன் குழு அதற்கு முன்பே அதைப் பார்த்து ஆராய்ந்துகொண்டிருந்தது. யார் கண்டுபிடித்தது என்று பெரிய சண்டை நடந்தது. கடைசியில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பதிவில் கண்டுபிடித்த இடமாக ஸ்பெயினின் சியேரா நெவாடா ஆய்வகம் இருக்கிறது, பெயரோ பிரவுன் குழு கொடுத்த ஹவாய்த் தெய்வத்தின் பெயர். கண்டுபிடித்தவர் என்று யாரையும் குறிப்பிடாமல் விட்டுவிட்டார்கள்! அந்தச் சண்டையை இத்துடன் விடுவோம், பொருள்தான் சுவாரசியம்.

அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் வெறும் 3.9 மணி. அந்த அளவுள்ள வேறெந்தப் பொருளும் சூரியக் குடும்பத்தில் இவ்வளவு வேகமாகச் சுற்றுவதாகத் தெரியவில்லை. சுற்றும் வேகத்தில் அது நீண்டு போயிருக்கிறது. 2017 ஜனவரி 21-ல் ஒரு விண்மீனை அது மறைத்தபோது அளந்தார்கள்: நீளவாக்கில் சுமார் 2,300 கிலோமீட்டர், குட்டையான பக்கத்தில் சுமார் 1,000 கிலோமீட்டர். கூடவே அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமும் அன்று அகப்பட்டது. ஹியாக்கா, நமாக்கா என்று இரண்டு நிலவுகளும் உண்டு. அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதாவது உள்ளே நிறையப் பாறை. ஆனால் மேற்பரப்பு கிட்டத்தட்ட சுத்தமான தண்ணீர்ப் பனி.

வேகமான சுழற்சி, நிலவுகள், பாறை வயிறு, பனித்தோல். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பழைய மோதல் கண்ணில் படும். தாய்ப்பொருளுக்குள் பாறை நடுவிலும் பனி மேலேயும் ஏற்கெனவே பிரிந்திருந்தன. ஏதோ ஒன்று வந்து இடித்தது. மேலே இருந்த பனிப் போர்வையின் ஒரு பகுதி பிய்ந்து பறந்தது. அப்படியானால் பறந்துபோன துண்டுகள் எப்படி இருக்கும்? பாறை கலக்காத, அழுக்கு சேராத பனிக்கட்டிகளாக இருக்கும்.

இந்த இடத்தில் நிறமாலை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து வரைந்த படம், வருகிறது. சூரிய ஒளி பனிப் பரப்பில் பட்டுத் திரும்பும்போது, அகச்சிவப்பில் 1.5 மைக்ரான், 2.0 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளங்களில் இரண்டு அகலமான பள்ளங்கள் விழும். அந்த அலைநீளங்களைத் தண்ணீர்ப் பனி விழுங்கிவிடுகிறது. 1.65 மைக்ரானில் இன்னொரு குறுகிய பள்ளமும் தெரிந்தால் பனி படிக வடிவில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலான கைப்பர் பட்டைப் பொருட்களில் இந்தப் பள்ளங்கள் மங்கலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அவற்றின் மேல் சிவந்த கரிமக் கூழ் படிந்திருக்கிறது. ஹௌமியாவில் பள்ளங்கள் ஆழமாக விழுகின்றன. அதன் பெரிய நிலவு ஹியாக்காவில் இன்னும் ஆழம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் சிவப்பு துளியும் இல்லை, சூரிய ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும் சாம்பல் வெள்ளை.

பிரவுன் குழு ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியால் வேறு பல பொருட்களின் நிறமாலையையும் எடுத்துவைத்திருந்தது. அவற்றில் சில மட்டும் ஹௌமியாவைப் போலவே ஆழமான பனிப் பள்ளம் காட்டின: 1995 எஸ்எம்55, 1996 டிஓ66, 2002 டிஎக்ஸ்300, 2003 ஓபி32, 2005 ஆர்ஆர்43. அப்புறம் இவற்றின் பாதைகளை எடுத்துப் பார்த்தால், ஐந்தும் ஹௌமியாவின் அக்கம்பக்கத்தில்! சாய்வு எல்லாவற்றுக்கும் 24-லிருந்து 29 டிகிரிக்குள். 2007 மார்ச்சில் நேச்சர் இதழில் இந்த முடிவு வந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கண்டுபிடிப்பின் பலமே இந்த வரிசைதான். பனியை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், பாதை தானாகப் பொருந்தியது. பனிக்கும் பாதைக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் கிடையாது. பட்டை முழுவதும் இறைந்து கிடந்திருக்க வேண்டிய பனிப் பொருட்கள் ஒரே மூலையில் கூடியிருப்பதைத் தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. புளூட்டோவின் நிலவான சாரோனில் தண்ணீர்ப் பனி தெளிவாகத் தெரிகிறது. ஓர்க்கஸ் என்ற பொருளிலும் அப்படியே, படிகப் பனிகூட. ஆனால் ஓர்க்கஸின் பாதை 39 மடங்கு தூரத்தில், நெப்டியூனோடு தாளம் போட்டுச் சுற்றும் வேறொரு கூட்டத்தில் இருக்கிறது. ஹௌமியாவிலிருந்து பிய்ந்த துண்டு அங்கே போய்ச் சேரத் தேவையான வேகம் மிக அதிகம். அதனால் அவை சொந்தம் இல்லை. மறுபக்கம், பாதை சரியாகப் பொருந்தியும் பனி இல்லாத பொருட்கள் ஏராளம். 2007-க்குப் பிறகு பாதையை மட்டும் வைத்து ஒரு நீண்ட பட்டியல் தயாரானது. அதைச் சரிபார்க்கச் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கிகளில் ஒரு குறுக்குவழியைக் கையாண்டார்கள். மங்கலான பொருளுக்கு முழு நிறமாலை எடுக்க விலைமதிப்பற்ற நேரம் செலவாகும். அதற்குப் பதிலாக இரண்டு வடிகட்டி போதும்: ஒன்று 1.25 மைக்ரான் அருகே, பள்ளத்துக்கு வெளியே. மற்றொன்று பள்ளத்துக்குள். முதலாவதில் பளிச்சென்றும் இரண்டாவதில் மங்கலாகவும் தெரிந்தால் பனி. இரண்டிலும் ஒரே மாதிரி தெரிந்தால் அந்நியர். இந்தச் சோதனையில் பட்டியலிலிருந்து பல பெயர்கள் விழுந்தன. 2003 யுஇசட்117, 2005 சிபி79 போன்றவை தேறின.

மேற்பரப்பு எவ்வளவு சுத்தம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் 2009 அக்டோபர் 9-ல் கிடைத்தது. அன்று 2002 டிஎக்ஸ்300 ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்தது. அதன் நிழல் ஹவாய் மேல் விழும் என்று கணித்து, பல இடங்களில் கருவிகளோடு காத்திருந்தார்கள். தலைமை தாங்கியவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் எலியட். 1977-ல் இதே முறையில் யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்தவர். விண்மீன் சில விநாடிகள் மறைந்தது. நிழல் நகரும் வேகம் தெரியும், மறைந்த நேரம் தெரியும், பெருக்கினால் அளவு வந்துவிடும்: குறுக்களவு 286 கிலோமீட்டர். இவ்வளவு சின்னப் பொருள் அவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்றால், மேலே படும் ஒளியில் 88 சதவீதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். புதுப் பனிக்கு இணையான வெண்மை. அதே வெளிச்சத்தை 4 சதவீதம் மட்டும் திருப்பும் கரிய பரப்பால் காட்ட வேண்டுமானால் அந்தப் பொருள் 1,300 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். தொலைவில் உள்ள பொருளின் அளவைப் பற்றி வரும் செய்திகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கச் சொல்வது இதனால்தான். வெளிச்சத்தை மட்டும் வைத்து அளவு சொன்னால் நாலைந்து மடங்கு பிசகலாம்.

இவ்வளவு வெண்மையாக இருப்பதைப் பார்த்தால் மோதல் நேற்று நடந்தது போலத் தோன்றும். விண்கதிர்கள் பட்டுப் பட்டுப் பனி கறுத்துச் சிவக்க வேண்டுமே? ஆனால் பாதைகள் வேறு கதை சொல்கின்றன. ஹௌமியாவின் பாதை தன் துண்டுகளின் பாதைகளோடு சரியாகப் பொருந்துவதில்லை. கொஞ்சம் அதிகம் நீண்டிருக்கிறது. வேகக் கணக்கில் சொன்னால் நொடிக்கு 400 மீட்டர் அளவு விலகல். தாய்ப்பொருளே தன் குடும்பத்தின் நடுவில் இல்லை என்பது முதலில் இடிக்கத்தான் செய்யும். விளக்கம் இது: நெப்டியூன் 12 சுற்று சுற்றும் நேரத்தில் ஹௌமியா 7 சுற்று சுற்றுகிறது. இந்த ஒத்ததிர்வு அதன் பாதையை மெல்ல மெல்ல இழுத்து நீட்டியிருக்கிறது. இவ்வளவு தூரம் இழுபட எவ்வளவு காலம் ஆகும் என்று வானியலாளர் ரகோசினும் பிரவுனும் கணக்கிட்டார்கள். வந்த விடை சுமார் 350 கோடி ஆண்டு. கூட்டியோ குறைத்தோ 200 கோடி ஆண்டு பிசகலாம், ஆனால் குறைத்தாலும் நூறு கோடிக்கு மேல்தான். சூரியக் குடும்பமே 456 கோடி ஆண்டுப் பழசு.

பிறகு எப்படிப் பனி வெண்மையாகவே இருக்கிறது? சிவக்க வைக்கும் மூலப்பொருள் அங்கே இல்லை என்பதுதான் எனக்குச் சரியாகப் படும் விளக்கம். மற்ற பொருட்களில் மீத்தேன் போன்ற கார்பன் சேர்மங்கள் பனியோடு கலந்திருக்கின்றன. கதிர்வீச்சு அவற்றைச் சமைத்துச் சிவந்த கூழாக்குகிறது. ஹௌமியாவின் துண்டுகளிலோ கார்பன் மிகக் குறைவு. கதிர்வீச்சு எவ்வளவு பட்டாலும் சிவப்பதற்குச் சரக்கு இல்லை. ஆக, நிறத்தை வைத்து வயது சொல்லக் கூடாது.

இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ஹௌமியா அளவு பொருளை உடைக்கும் மோதலில் துண்டுகள் நொடிக்கு 900 மீட்டர் அளவுக்குச் சிதற வேண்டும், அதன் ஈர்ப்பிலிருந்து தப்பும் வேகம் அது. கிடைத்த துண்டுகளோ 150 மீட்டருக்குள் அடங்குகின்றன. பேரடி விழுந்த இடத்தில் இவ்வளவு மென்மை எப்படி? சமமான இரண்டு பொருட்கள் உரசி, பிரிந்து, மறுபடி ஒன்றாகக் கலந்து, அந்த வேகச் சுழற்சியில் பனியை மெதுவாக உதறின என்று 2010-ல் ஒரு குழு சொன்னது. முதல் மோதலில் ஒரு பெரிய நிலவு உருவாகி, அந்த நிலவு பின்னால் உடைந்தது என்று 2009-ல் இன்னொரு யோசனை. நிலவின் ஈர்ப்பு சிறியது, துண்டுகளும் மெதுவாகவே போகும். உரசல் கதை உண்மை என்றால் துண்டுகள் ஏறத்தாழ ஒரே தளத்தில் சிதறியிருக்க வேண்டும். 2019-ல் பிரவுட்ஃபுட்டும் ரகோசினும் செய்த கணக்கில் அப்படி ஒரு தட்டையான சிதறல் தெரியவில்லை, எல்லாத் திசையிலும் பரவியது போலவே வந்தது. 2022-ல் வந்த ஒரு யோசனை: மோதலுக்குப் பிறகு ஹௌமியாவின் வயிற்றில் பாறை இன்னும் அடர்ந்து உள்ளே இறங்க, சுழற்சி கூடி, பனியை அது பின்னால் மெதுவாக உதறியது. மூன்றில் எதற்கும் நான் பணம் கட்டமாட்டேன்.

கடைசியாக, நீங்கள் ‘ஊகமா?’ என்று கேட்டதற்கு நியாயமான இடம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. இப்போது குடும்ப உறுப்பினர் என்று சேர்க்க என்ன நிபந்தனை? பாதை பொருந்த வேண்டும், பனி இருக்க வேண்டும். அப்படியானால் ‘குடும்பத்தினர் எல்லோரும் சுத்தமான பனி’ என்று சொல்வதில் என்ன புதுமை? பனி இல்லாததை நாமே வாசலில் நிறுத்திவிட்டோம்! தாய்ப்பொருளின் ஆழத்திலிருந்து பாறையோடு பிய்ந்த கரிய துண்டு ஒன்று உண்மையிலேயே சொந்தமாக இருந்தாலும் நம் பட்டியலில் ஏறாது. இதில் எது கண்ணில் எளிதாகப் படும் என்ற பாரபட்சமும் சேர்ந்துகொள்கிறது. ஒரே அளவில் வெள்ளைத் துண்டும் கறுப்புத் துண்டும் இருந்தால் வெள்ளைதான் முதலில் தொலைநோக்கியில் படும். இதுவரை தேறிய துண்டுகளின் மொத்த எடை ஹௌமியாவின் எடையில் சில சதவீதம்தான். பனிப் போர்வை அவ்வளவு சிறியதா, அல்லது மீதியை நாம் இன்னும் அடையாளம் காணவில்லையா என்பது இந்தக் கேள்வியோடு பிணைந்தது.

சிலியில் வேரா ரூபின் ஆய்வகத்தின் முதல் படங்கள் 2025 ஜூனில் வந்தன. அதன் பத்தாண்டு வான்கணக்கெடுப்பில் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பொருட்கள் பத்தாயிரக்கணக்கில் கிடைக்கும் என்கிறார்கள். பாதைகள் துல்லியமாகும், சாம்பல் வெள்ளை நிறத்தை வைத்து முதல் கட்டச் சல்லடையும் போடலாம். ஆனால் அதன் வடிகட்டிகள் ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டுவதோடு நின்றுவிடும், 1.5 மைக்ரான் பள்ளம் அதற்கு எட்டாது. பனியை உறுதிசெய்ய ஒவ்வொன்றையும் வேறு பெரிய தொலைநோக்கியிலோ ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியிலோ தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் ‘ஹௌமியா குடும்பத்தில் நூறு புது உறுப்பினர்’ என்று செய்தி வந்தால், அகச்சிவப்பில் பார்த்துச் சொல்கிறார்களா, பாதையையும் நிறத்தையும் மட்டும் வைத்துச் சொல்கிறார்களா என்று உள்ளே தேடிப் பாருங்கள். இரண்டாவது என்றால் அவை இன்னும் வேட்பாளர்கள்தான்.